பால்கனி விழுங்கிய நடைபாதை

1911 ஜூன் மாதம் ஒலிம்பிக் கப்பல் சவுத்தாம்ப்டனிலிருந்து நியூயார்க்குக்கு முதல் பயணம் புறப்பட்டபோது, ஒயிட் ஸ்டார் லைன் நிறுவனத்தின் தலைவர் புரூஸ் இஸ்மேயும் அதில் ஏறியிருந்தார். கப்பலில் எது சரியாக இருக்கிறது, எதை மாற்ற வேண்டும் என்று பார்த்துக்கொண்டே போனார். மெத்தைகளின் ஸ்பிரிங் அளவுக்கு மீறித் துள்ளுகிறது, எஞ்சினின் அதிர்வு அப்படியே படுத்திருப்பவர் உடம்புக்கு வந்துவிடுகிறது என்பது அவர் கண்ட குறைகளில் ஒன்று. இன்னொன்று பி தளத்தைப் பற்றியது. முதல் வகுப்புக்காரர்கள் உலாவுவதற்கென்று அங்கே கப்பலின் இரு பக்கமும் நீண்ட நடைபாதை விட்டிருந்தார்கள். அதற்கு மேல் தளத்திலேயே விசாலமாக நடக்க இடம் இருந்ததால் பி தளத்து நடைபாதை பெரும்பாலும் காலியாகக் கிடந்தது. அந்த இடத்தில் அறை கட்டினால் காசாகுமே என்று அவருக்குத் தோன்றியது. அடுத்து வரவிருந்த கப்பலின் வரைபடம் திருத்தப்பட்டது. அந்தக் கப்பல்தான் டைட்டானிக்.

1912இல் டைட்டானிக் கிளம்பியபோது அதன் பி தளத்து அறைகள் கப்பலின் ஓரச் சுவர்வரை நீண்டிருந்தன. அவற்றில் இரண்டு அறைத் தொகுதிகளுக்கு மட்டும் சுமார் 15 மீட்டர் நீளத்துக்குத் தனி நடைபாதை கொடுத்திருந்தார்கள். வேறு யாரும் உள்ளே வர முடியாது. அப்படிப்பட்ட தொகுதி ஒன்றில்தான் இஸ்மேயே தங்கினார். எல்லாரும் நடந்த வழியை எடுத்து ஒருவருக்கு மட்டும் என்று கொடுத்த அந்தத் திருத்தத்தை இன்றைய பால்கனி கேபினின் மூதாதை என்று தாராளமாகச் சொல்லலாம். பெரிய பயணக் கப்பல்களின் நூறாண்டு வரலாற்றை அறைக்கும் நடைபாதைக்கும் இடையிலான இழுபறியாகவே படிக்கலாம். பெரும்பாலும் ஜெயித்தது அறைதான். தோற்ற நடைபாதை கப்பலின் உச்சிக்குக் குடிபோயிற்று.

உடற்பயிற்சிக் கூடம் அப்போதே வந்துவிட்டது. டைட்டானிக்கில் அது உயிர்காப்புப் படகுகள் தொங்கிய தளத்திலேயே, நல்ல வெளிச்சத்தோடு இருந்தது. ஜெர்மனியின் வீஸ்பாடனிலிருந்து வந்த கருவிகள். துடுப்பு வலிக்கும் இயந்திரம், நின்ற இடத்திலேயே ஓட்டும் சைக்கிள்கள் ஆகியவை இன்றும் நமக்குப் பழக்கமானவை. மின்சாரக் குதிரையும் மின்சார ஒட்டகமும்தான் விசித்திரம். ஸ்வீடன் மருத்துவர் குஸ்தாவ் சாண்டர் 19ஆம் நூற்றாண்டில் உருவாக்கிய முறை அது: ஆள் சும்மா உட்கார்ந்திருக்க, இயந்திரம் உடம்பை அசைத்துக் கொடுக்கும். மெக்காலி என்ற பயிற்சியாளர் வெள்ளை ஃபிளானல் உடையில் நின்று எல்லாரையும் ஏற்றி இறக்குவார். பெண்களுக்கு ஒரு நேரம், ஆண்களுக்கு ஒரு நேரம், குழந்தைகளுக்குச் சிறிது நேரம். கீழ்த்தளத்தில் ஸ்குவாஷ் ஆட இடம் இருந்தது. அரை மணிக்கு 2 ஷில்லிங். துருக்கிக் குளியலுக்கு 4 ஷில்லிங். கடல்நீர் நிரப்பிய நீச்சல்குளமும் உண்டு.

இவை எல்லாம் முதல் வகுப்புக்கு. மூன்றாம் வகுப்பில் பயணம் செய்த 700க்கும் மேற்பட்டவர்களுக்குக் குளியல் தொட்டிகள் மொத்தம் இரண்டே. ஆண்களுக்கு ஒன்று, பெண்களுக்கு ஒன்று. அவர்களுக்கு உடற்பயிற்சி என்றால் கப்பலின் பின்பக்கத் திறந்த தளத்தில் நடப்பதுதான்.

அந்தக் காலத்துக் கப்பல்காரர்கள் கற்ற இன்னொரு பாடம் எடையைப் பற்றியது. 1913இல் ஜெர்மனி சேவையில் இறக்கிய இம்பரேட்டர் அன்றைய உலகின் மிகப் பெரிய கப்பல். பாம்பேயி நகரத்துப் பாணியில் நீச்சல்குளம், முதல் வகுப்பு அறைகளில் பளிங்குக் குளியலறை என்று வாரி இறைத்திருந்தார்கள். கடலில் இறங்கியதும் கப்பல் ஒரு பக்கம் சாய்ந்தால் நிமிர நேரம் எடுத்தது. மேல்தளங்களில் பாரம் அதிகம். சில மாதங்களிலேயே பளிங்குக் குளியலறைகளைப் பெயர்த்தார்கள், கனத்த மரச் சாமான்களுக்குப் பதிலாகப் பிரம்பு நாற்காலிகளைப் போட்டார்கள், புகைபோக்கிகளைக் குட்டையாக்கினார்கள், அடித்தட்டில் 2,000 டன் சிமெண்ட் ஊற்றினார்கள். கப்பலில் குளமோ ஜிம்மோ எங்கே வைப்பது என்பதை அலங்கார நிபுணர் மட்டும் முடிவு செய்ய முடியாது. தண்ணீரும் இரும்பும் எவ்வளவு உயரத்தில் நிற்கின்றன என்பதற்குப் பொறியாளர் கணக்குப் போட வேண்டும்.

விமானங்கள் அட்லாண்டிக்கைக் கடக்கத் தொடங்கியதும் பயணக் கப்பலின் வேலை மாறியது. ஊருக்கு ஊர் ஆள் கொண்டுபோவது போய், உல்லாசத்துக்காகச் சுற்றிவருவது வந்தது. 1970இல் கரீபியன் கடலுக்கென்றே கட்டப்பட்ட சாங் ஆஃப் நார்வே இந்தப் புது வகைக்கு நல்ல உதாரணம். அதில் அறைகள் மிகச் சின்னவை. பயணி தூங்குவதற்கும் உடை மாற்றுவதற்கும் மட்டும் உள்ளே போவார், மற்ற நேரமெல்லாம் வெயிலிலும் குளத்தருகிலும் இருப்பார் என்பது கட்டியவர்களின் கணக்கு. கூட்டம் பெருகியபோது, 1978இல் கப்பலை நடுவில் அறுத்து 26 மீட்டர் நீளத் துண்டு ஒன்றைச் செருகி ஒட்டினார்கள்! அறை சிறிதாக இருந்ததைப் பற்றிப் பயணிகள் பெரிதாகக் கவலைப்படவில்லை. வெளியே இடம் இருந்தது.

1984இல் அந்தக் கணக்கு மாறத் தொடங்கியது. இளவரசி டயானா பெயர் சூட்டிய ராயல் பிரின்சஸ் கப்பலில் எல்லா அறையும் கடலைப் பார்த்தே இருந்தது. உள்பக்க அறை என்று ஒன்றுகூடக் கிடையாது. சில அறைகளுக்குப் பால்கனியும் உண்டு. 1998இல் வந்த கிராண்ட் பிரின்சஸில் பால்கனிகள் மட்டும் 700க்கு மேல். தனக்கென்று ஒரு துண்டுக் கடல் கிடைக்கும் என்றால் பயணி கூடுதலாகக் கொடுப்பார் என்று நிறுவனங்களுக்குப் புரிந்துவிட்டது. அதன்பின் கட்டிய பெரிய கப்பல் எதையும் வெளியிலிருந்து பாருங்கள். பக்கவாட்டுச் சுவர் முழுக்கத் தேன்கூடு மாதிரி பால்கனி அடுக்குகள்.

இவ்வளவு அறைகளை எப்படிக் கட்டுகிறார்கள் என்பது தனிக் கதை. பின்லாந்தின் துர்க்கு கப்பல் கட்டும் தளத்திலிருந்து சிறிது தூரத்தில் பீக்கியோ என்ற ஊர் இருக்கிறது. அங்குள்ள தொழிற்சாலையில் கேபின்கள் தனித்தனிப் பெட்டிகளாகத் தயாராகின்றன. எஃகுத் தகட்டுச் சுவர், குளியலறை, குழாய், வயரிங், தரைவிரிப்பு எல்லாம் அங்கேயே பொருத்தப்பட்டு, லாரியில் கப்பல் தளத்துக்கு வருகின்றன. கப்பலின் பக்கத்தில் விட்டுவைத்த திறப்பு வழியாகத் தூக்கி உள்ளே ஏற்றி, உருட்டிக்கொண்டுபோய் இடத்தில் நிறுத்தி, குழாயையும் மின் இணைப்பையும் மாட்டிவிட்டால் முடிந்தது. சுவர் எஃகு என்பதால்தான் அனுபவசாலிகள் காந்தக் கொக்கி எடுத்துக்கொண்டு போகிறார்கள். ஈரத் துணி, தொப்பி, பை எல்லாம் சுவரிலேயே தொங்கும்.

150 முதல் 190 சதுர அடி. சாதாரண உள்பக்க அறையின் அளவு பெரும்பாலும் இதற்குள்தான். சென்னையில் ஒரு சுமாரான படுக்கையறை இதைவிடச் சிறியதாக இருப்பதுண்டு. ஆனால் இங்கே குளியலறையும் அலமாரியும் சோபாவும் அதற்குள்ளேயே அடங்க வேண்டும். இரண்டு ஒற்றைக் கட்டில்களைச் சேர்த்தால் இரட்டைக் கட்டில். பெட்டிகள் கட்டிலுக்கு அடியில். மூன்றாவது, நான்காவது ஆளுக்கான படுக்கை சுவரிலிருந்தோ கூரையிலிருந்தோ இரவில் இறங்கும், காலையில் ஏறிக்கொள்ளும். தனியாக வருகிறவர் இருவருக்கான கட்டணத்தைச் செலுத்த வேண்டிய நிலை வெகுகாலம் இருந்தது. 2010இல் நார்வீஜியன் எபிக் கப்பலில் சுமார் 100 சதுர அடியில் 128 ஒற்றையாள் அறைகள் வந்தன. அவர்களுக்கென்று பொதுக் கூடமும் அமைத்தார்கள். தனியாகப் பயணம் செய்யும் பெண்களுக்கும் முதியவர்களுக்கும் இந்த 100 சதுர அடி பெரிய வரப்பிரசாதம்.

ஜன்னலே இல்லாத உள்பக்க அறைக்கும் மாற்று யோசித்திருக்கிறார்கள். 2011இல் டிஸ்னி ட்ரீம் கப்பலின் உள்பக்க அறைகளில் வட்ட ஜன்னல் வடிவத் திரைகள் வந்தன. வெளியே கேமரா பிடிக்கும் கடல் அதில் தெரியும். 2014இல் நேவிகேட்டர் ஆஃப் தி சீஸ் அதையே 80 அங்குலத் திரையாக்கி, தரையிலிருந்து கூரைவரை பால்கனி போலக் காட்டியது. படம் நன்றாகத்தான் இருக்கிறது. காற்று மட்டும் வருவதில்லை.

பால்கனிக்கு விலையும் உண்டு, அது பணம் மட்டும் அல்ல. 2006 மார்ச் 23 அதிகாலை, ஜமைக்காவை நோக்கிச் சென்றுகொண்டிருந்த ஸ்டார் பிரின்சஸ் கப்பலின் ஒரு பால்கனியில் தீப்பிடித்தது. அணையாத சிகரெட் காரணமாக இருக்கலாம் என்றது விசாரணை. பால்கனிகளுக்கு நடுவே இருந்த பாலிகார்பனேட் தடுப்புகளும் பிளாஸ்டிக் நாற்காலிகளும் தீயை மேலேயும் பக்கவாட்டிலும் கொண்டுபோயின. புகையில் ஒரு பயணி இறந்தார். கப்பலின் உள்ளே எங்கும் தெளிப்பான்கள் இருந்தும், பால்கனியை யாரும் அறையின் பகுதியாக நினைத்துப் பாதுகாக்கவில்லை. அதன் பிறகுதான் சர்வதேசக் கடல் பாதுகாப்பு விதிகள் திருத்தப்பட்டு, 2008 ஜூலையிலிருந்து பால்கனித் தடுப்பும் சாமான்களும் எளிதில் தீப்பற்றாதவையாக இருக்க வேண்டும், இல்லையேல் தீ கண்டறியும் கருவியும் தெளிப்பானும் வேண்டும் என்று ஆனது. இன்று பால்கனியில் நின்று புகைக்கக் கூடாது என்று ஸ்டூவர்டு சொன்னால், அதற்குப் பின்னால் ஓர் உயிர் போயிருக்கிறது.

சரி, நடைபாதை எங்கே போயிற்று? பால்கனி அடுக்குகளுக்கு இடம் விடவேண்டி உயிர்காப்புப் படகுகள் கீழே இறங்கின; படகுத் தளத்தைச் சுற்றி இருந்த அகன்ற பாதை பல கப்பல்களில் குறுகியது, சிலவற்றில் நடுவிலேயே முடிந்தது. 2013இல் வந்த இன்னொரு ராயல் பிரின்சஸ் கப்பலில் முழுச்சுற்று நடைபாதையே இல்லை. அதற்குப் பதில் கடலுக்கு மேல் 28 அடி நீட்டிக்கொண்டிருக்கும் கண்ணாடித் தரைப் பாதை ஒன்று வைத்தார்கள். பழைய பயணிகள் அதை ஏற்கவில்லை. படம் எடுக்க அது சரி. காலையில் ஐந்து கிலோமீட்டர் நடக்க எங்கே போவது என்று கேட்டார்கள். நியாயமான கேள்வி.

அநேகக் கப்பல்களில் இதற்குப் பதில் மேல்தளத்தில் கோடு போட்ட ஓட்டப்பாதை. வெயிலில் சாய்ந்திருப்பவர்களின் நாற்காலிகளுக்கு இடையில், குளத்தைப் பார்த்தபடி சின்னச் சுற்று. ஒரு மைல் ஓடப் பல முறை சுற்ற வேண்டும். காற்று அடித்தால் மூடிவிடுவார்கள். 2009இல் வந்த ஓயாசிஸ் ஆஃப் தி சீஸ் இதில் விதிவிலக்கு. கப்பலின் நடுவைப் பிளந்து, வானம் தெரியும்படி சுமார் 12,000 செடிகளோடு ஒரு பூங்காவே வைத்தார்கள். உள்பக்க அறைகளுக்கும் அந்தப் பூங்காவைப் பார்த்த பால்கனி கிடைத்தது. கூடவே ஐந்தாம் தளத்தில், படகுகளின் மேல், கப்பலைச் சுற்றிவரும் ஓட்டப்பாதை. ஒரு சுற்று 700 மீட்டருக்குச் சற்றுக் குறைவு. நிழல் உண்டு, கடல் பக்கத்தில் தெரியும். அறையும் நடையும் ஒன்றையொன்று விழுங்காமல் இருக்க முடியும் என்பதற்கு அது சாட்சி.

சாகச விளையாட்டுகளின் பட்டியல் நீளம். 1999இல் வாயேஜர் ஆஃப் தி சீஸ் பனிச்சறுக்கு அரங்கையும், புகைபோக்கியின் பின்புறத்தில் பாறை ஏறும் சுவரையும் கொண்டுவந்தது. 2006இல் ஃப்ரீடம் ஆஃப் தி சீஸில் செயற்கை அலைச்சறுக்கு. 2014இல் குவாண்டம் ஆஃப் தி சீஸில் ஆள் காற்றில் மிதக்கும் குழாய். 2021இல் பயணம் தொடங்கிய மார்டி கிராவில் ரோலர்கோஸ்டர். 2024 ஜனவரியில் மயாமியிலிருந்து கிளம்பிய ஐகான் ஆஃப் தி சீஸில் ஆறு சறுக்குகள் கொண்ட நீர்ப் பூங்காவும் ஏழு குளங்களும். 365 மீட்டர் நீளம், 20 தளம், 2,805 அறை, நிறைந்தால் 7,600 பயணிகள். குழந்தைகளுக்கு இது கொண்டாட்டம், சந்தேகமில்லை. ஆனால் வரிசையில் வெகுநேரம் நின்று, அலையில் சில நிமிடம் சறுக்குவதை உடற்பயிற்சிக் கணக்கில் சேர்க்க முடியாது. தினமும் உடம்பை அசைக்க நினைப்பவருக்கு அங்கேயும் பயன்படுவது மாடிப்படிதான். லிஃப்டுக்குக் கூட்டம் காத்திருக்கும் நேரத்தில் ஐந்து தளம் ஏறிவிடலாம்.

ஜிம் இன்று எந்தப் பெரிய கப்பலிலும் கட்டணமில்லை. டிரெட்மில், எடைக் கருவிகள், பாய்கள் எல்லாம் தாராளம். யோகா, சைக்கிள் வகுப்பு, தனிப் பயிற்சியாளர், ஆவிக் குளியல் அறை ஆகியவற்றுக்குத்தான் பல கப்பல்களில் தனிக் காசு. பல கப்பல்களில் ஜிம்மை முகப்பில், உயரத்தில் வைத்திருக்கிறார்கள். முழுக் கண்ணாடிக்கு அப்பால் கப்பல் போகும் திசை தெரியும். நிலத்தில் எந்த ஜிம்மும் கொடுக்க முடியாத காட்சி. அதே இடத்தில்தான் ஆட்டமும் அதிகம். கப்பலின் இரு பக்கமும் நீருக்கடியில் நீண்டிருக்கும் துடுப்புகள் பக்கவாட்டு உருளலைத்தான் அடக்கும். முன்னும் பின்னும் ஏறி இறங்கும் அசைவை அவற்றால் அடக்க முடியாது. அந்த அசைவு முகப்பிலும் பின்பக்கத்திலும் மிகுதி. அலை பெரிதாக இருக்கும் நாளில் டிரெட்மில் ஒரு நொடி ஏற்றமாகவும் மறு நொடி இறக்கமாகவும் மாறும். அன்றைக்கு உட்கார்ந்து ஓட்டும் சைக்கிளுக்கு மாறிவிடுவது முழங்காலுக்கு நல்லது.

அதே காரணத்தால், தலைசுற்றல் உள்ளவர் நடுக் கப்பலில் கீழ்த்தளத்து அறையைக் கேட்டு வாங்க வேண்டும். விலையும் குறைவு. இன்னொரு விஷயம்: அறைக்கு மேலே என்ன இருக்கிறது என்று தளவரைபடத்தில் பார்க்க வேண்டும். ஜிம்முக்குக் கீழே என்றால் காலை ஆறு மணிக்கு டம்பெல் விழும் சத்தம். குளத்தளத்துக்குக் கீழே என்றால் விடியுமுன் நாற்காலிகளை இழுக்கும் சத்தம். மேலும் கீழும் அறைகளே இருக்கும் தளம்தான் தூக்கத்துக்கு உத்தமம்.

சென்னைத் துறைமுகத்துக்கு வருவோம். 2022 ஜூனில் முதல்வர் மு.க. ஸ்டாலின் கொடியசைத்துத் தொடங்கிவைத்த கார்டீலியா எம்ப்ரஸ், 1990இல் பிரான்சின் சான் நசேரில் நார்டிக் எம்ப்ரஸ் என்ற பெயரில் கட்டப்பட்டது. 211 மீட்டர் நீளம், 796 அறைகள். 2023இல் அம்பாந்தோட்டை, திருகோணமலை, காங்கேசன்துறை என்று இலங்கைக்கும் போயிற்று. பால்கனிக் காய்ச்சல் பரவுமுன் வரைந்த கப்பல் என்பதால் பால்கனி அறைகள் மிகக் குறைவு. பெரும்பாலான அறைகள் சிறியவை. புதிய கப்பல்களின் படங்களைப் பார்த்துவிட்டுப் போகிறவர்கள் அறைக் கதவைத் திறந்ததும் சோர்ந்துபோக வேண்டியதில்லை. அந்தத் தலைமுறைக் கப்பல், பயணியை வெளியே இழுப்பதற்காகவே வரையப்பட்டது. ஜிம்மும் பாறை ஏறும் சுவரும் இருக்கின்றன. அறையில் அடைந்து கிடக்காமல் தளத்துக்கு வந்துவிட வேண்டும்.

அடைந்து கிடப்பது எப்படி இருக்கும் என்று 2020 பிப்ரவரியில் உலகம் பார்த்தது. யோகோஹாமாவில் தனிமைப்படுத்தப்பட்ட டயமண்ட் பிரின்சஸ் கப்பலில் 3,711 பேர். கொரோனா பரவல் தெரிந்ததும் பயணிகளை இரண்டு வாரம் அறைக்குள்ளேயே இருக்கச் சொன்னார்கள். பால்கனி உள்ளவர்கள் வெளிக்காற்றில் நின்றார்கள். ஜன்னல் இல்லாத அறைகளில் இருந்தவர்களை முகக்கவசத்தோடு, இடைவெளி விட்டு, சிறுசிறு குழுக்களாகக் கொஞ்ச நேரம் தளத்தில் நடக்க விட்டார்கள். உணவுக்கும் மருந்துக்கும் அடுத்தபடியாக அந்த நடைக்குத்தான் அவர்கள் காத்திருந்தார்கள். இஸ்மே 1911இல் வீண் என்று நினைத்த இடத்தின் மதிப்பு அப்போது தெரிந்தது.

அந்தக் கப்பலின் ஊழியர்களுக்கு அந்த வசதியும் கிடைக்கவில்லை. 132 இந்தியர்கள் உட்பட ஆயிரத்துக்கும் மேற்பட்டவர்கள் தொடர்ந்து சமைத்தார்கள், பரிமாறினார்கள், பகிர்ந்துகொண்ட அறைகளில் படுத்தார்கள். 2006ஆம் ஆண்டின் கடல்சார் தொழிலாளர் உடன்படிக்கைப்படி, பயணக் கப்பலில் அதிகாரி அல்லாத இருவர் பகிரும் அறைக்குக் குறைந்தபட்சத் தரைப்பரப்பு 7.5 சதுர மீட்டர். நான்கு பேருக்கு 14.5. அதாவது ஒருவருக்குச் சுமார் 40 சதுர அடி. பல மாத ஒப்பந்தம் முழுவதும் அதுதான் வீடு. அவர்களுக்கென்று சிறிய ஜிம்மும், பல கப்பல்களில் முகப்பில் சிறு திறந்த தளமும் உண்டு. பயணிகளின் பால்கனிக்கு அரை அடி கூட்டுவதற்கு முன், கோவாவிலிருந்தும் மணிலாவிலிருந்தும் தூத்துக்குடியிலிருந்தும் வந்து கீழே உறங்குகிறவரின் அறைக்கு ஒரு ஜன்னல் வைக்க முடியுமா என்று கப்பல் வரைபவர்கள் யோசிக்க வேண்டும்.

இரண்டையும் விடாமல் வைத்திருக்கும் கப்பல்கள் இன்றும் ஓடுகின்றன. 2004இல் வந்த குயீன் மேரி 2இல் ஏராளமான அறைகளுக்குப் பால்கனி உண்டு. ஏழாம் தளத்தில் கப்பலை முழுதாகச் சுற்றும் அகன்ற மரப்பாதையும் உண்டு. மூன்று சுற்று வந்தால் ஒரு மைலுக்குச் சற்று அதிகம். 2015இல் வந்த வைகிங் ஸ்டாரில் எல்லா அறைக்கும் பால்கனி இருந்தும் சுற்றுப்பாதையை விட்டுவைத்திருக்கிறார்கள். பயணத்துக்குப் பதிவு செய்யுமுன் நிறுவனத்தின் இணையதளத்தில் தளவரைபடத்தைத் திறந்து, படகுகள் தொங்கும் தளத்தில் அந்தப் பாதை தொடங்கிய இடத்துக்கே திரும்பி வருகிறதா என்று விரலால் தொடர்ந்து பார்த்துக்கொள்ளலாம். அறையின் சதுர அடியைப் பார்ப்பது அதற்கு அப்புறம்.